காலி வண்டியில் முட்டை

சங்ககிரி பைபாஸ் ஓரம், தகர வேலிக்குள்
ரெண்டு வண்டி காட்டினார் சென்னியப்பன்.
ரெண்டும் பிக்கப், ரெண்டும் நாலு சக்கர இழுவை,
ரெண்டும் யாரோ கட்டாமல் விட்ட தவணை.
ஒன்று வெள்ளை.
மற்றது முன்பு வெள்ளையாக இருந்தது.

"பெயிண்டப் பாக்காதீங்க சௌடேஸ்வரியக்கா,
பின்னாடி குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன்.
வெள்ளைக்குச் சுருள் ஸ்பிரிங்,
முறுக்கைப் பிழிந்து நிமிர்த்தி வைத்த மாதிரி.
மற்றதற்குக் கமான் பட்டை. ஏழு.
நீளத்துக்கு அடியில் குட்டை, அதற்கும் அடியில் அதைவிடக் குட்டை,
ஒருத்தரை ஒருத்தர் தள்ளாமல் நிற்கிற ரேஷன் கடை வரிசை.

எனக்குப் பாதை ஒன்று, பாடு ரெண்டு.
விடியுமுன் நாமக்கல்லில் ஏற்றுகிற முட்டை
காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைந்து
சோளக்காட்டுக்குப் போக வேண்டும்,
அங்கிருந்து தார் முடிகிற இடத்துக்கும் அப்பால்.
இறங்கும்போது பலா, அன்னாசி, வாழைத்தார்,
மிளகு மூட்டை மேல் தூங்கியபடி அதன் சொந்தக்காரர்.
மேலே போவது உடையும்.
கீழே வருவது அமுக்கும்.
இந்த ரெண்டுக்கும் சேர்த்து வண்டி செய்தவன் எவனுமில்லை.

போன ஐப்பசியில் பழைய வண்டி ஓடைக்குள் வழுக்கியது.
தள்ள வந்த ஆறு பேருக்கும் ஆளுக்கோர் அட்டை முட்டை.
நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்கிற ஆசை
அன்று சாயங்காலம் கணக்கெழுதும்போது வந்தது.

கையோடு ஓர் அட்டை கொண்டுபோயிருந்தேன். முப்பது.
"ஏனுங்க, வண்டி பாக்க வந்தீங்களா, ஆம்லெட் போடவா?"

வெள்ளையில் வைத்துக் கல்குவாரிப் பாதையில் விட்டேன்.
குழி வந்தது தெரிந்தது, அவ்வளவுதான்.
முப்பதும் முழுசு.
அவர் கொட்டகையில் இருந்த சிமெண்ட் மூட்டை
இருபதையும் ஏற்றச் சொன்னேன்.
பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.
முகப்பு விளக்கு ரெண்டும் மலைக்கோட்டையைப் பார்த்தன.
ரப்பர் முட்டு குழிக்குக் குழி டொம் டொம்.

கமான் பட்டையில் அதே அட்டை, அதே பாதை, காலியாக.
பதினொன்று போச்சு.
மூட்டைகளை மாற்றி ஏற்றி
மிச்சம் பத்தொன்பதை அதன்மேல் வைத்து மறுபடி போனேன்.
ஒன்றுகூட விரியவில்லை.

அடியில் படுத்திருந்த பட்டறை ஏசுராஜ் சொன்னான்:
"பாரம் ஏறுனா அடங்கிக்குமுங்க.
சும்மா இருந்தாத்தான் எகிறும்."
எங்க வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.
சிரிக்காமல் இருந்துகொண்டேன்.

மூணாவது பட்டையில் நகம் மாட்டியது.
புதுக் கறுப்புப் பெயிண்டுக்குள் மயிரிழை விரிசல்.
அதற்குப் பன்னிரண்டாயிரம் இறங்கினார்.
இழுவைக் குச்சி வருஷக்கணக்காய் யாரும் தொடாதது,
நான் இழுத்ததும் தும்மிவிட்டு விழுந்தது.
அதற்கு இன்னும் மூவாயிரம்.

"ஒரு பட்டையக் கழட்டிட்டா முட்டைக்கு மெதுவா இருக்குமுங்க."
வேண்டாம் என்றேன்.
பலா எடை பார்த்துப் பழுப்பதில்லை.
மணல் மூட்டை போட்டுக்கொண்டு ஏறலாம்தான்,
மணலுக்கு யார் டீசல் கொடுப்பார்கள்?

சோளக்காட்டுக் கடைக்குப் போன் போட்டேன்.
"முட்டை இருக்கட்டும்க்கா,
சிமெண்ட் ஏறி வராம ஒரு மாசமா ரெண்டு வீடு
லிண்டல் மட்டத்துல நிக்குது" என்றார்.

"சென்னியப்பண்ணே, மூட்டைய இறக்காதீங்க.
அது என்ன விலை?"

"அது விக்கிறதுக்கில்லீங்க, எங்க மாட்டுக் கொட்டாய்க்கு."

"வண்டி வேணாம்னா இறக்கிக்கங்க."

அவர் துண்டை உதறி மறுபக்கத் தோளில் போட்டார்.
பலகை இடுக்கில் ஒழுகிய மஞ்சள்கரு
ஏழு பட்டைக்குள்ளும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.
ஏசுராஜ் துடைக்கவில்லை.
"கிரீசுதானுங்க, இருக்கட்டும்" என்றான்.